கொடி ஏற வேண்டிய கம்பம்

கொடி பறக்க வேண்டிய கம்பத்தில் துடைப்பம் தொங்கியது.

ரோட்டர்டாம் துறைமுகத்தில் இதன் அர்த்தம் தெரியாத குழந்தைகூடக் கிடையாது. உச்சி உத்தரம் ஏறியதும் கட்டிடத்தின் முதலாளி வேலையாட்களுக்கு பீர் வாங்கித் தர வேண்டும். அவர்கள் கொடி ஏற்றுவார்கள். தராவிட்டால் துடைப்பத்தைக் கட்டி மானத்தை வாங்குவார்கள்.

பழைய காப்பிக் கிடங்கை எட்டு மாடி அலுவலகமாக்கிக்கொண்டிருந்த லீஸ்பெத்தை, அந்தச் சிவப்புக் கோட்டுக்காரியை, கஞ்சம் என்று தெரு பேசியது. பாவம், தப்பான பேச்சு. அவள் பயந்தது பீருக்கு அல்ல, பீர் குடித்த வாய்களுக்கு.

டிசம்பர் மாதம், நாலரைக்கே இருட்டிவிட்டது. ஐந்து மணிக்கு முதலீட்டாளர்கள் வருகிறார்கள். மேஸ்திரி கோருக்கு போன் போட்டாள்.

"துடைப்பத்த யாரு கட்டினது?"

"எங்க ஆளுங்க இல்ல மேடம். மொட்டைமாடிச் சாவி உங்க கையிலதான இருக்கு?"

"அவங்க பார்த்தா ஆளுங்களுக்கு என்ன கோபம்னு கேப்பாங்க, கோர்."

"கேக்கட்டுமே. நம்ம கூலியாள் ஆடில்சன் ஊருக்குப் போயிட்டான்னு எங்களச் சொல்லச் சொன்னதையே சொல்லுங்க. தூண் குழியில விழுந்து கத்திட்டு இருந்தவன் மேல, கான்கிரீட் லாரி காத்திருக்கு, ஊத்துன்னு சொன்னீங்களே, அத மட்டும் விட்டுடுங்க."

போனை வைத்துவிட்டு அவளே ஏறினாள்.

லிஃப்ட் இன்னும் பொருத்தவில்லை. ஈரச் சிமெண்ட் வாடையும், நூறு வருடமாகச் சுவரில் ஊறிய காப்பி மணமும், ஆற்றிலிருந்து வந்த உப்புக் காற்றும் மூச்சோடு கலந்து தொண்டையில் மாவாகப் படிய, கைப்பிடியைத் தடவித் தடவி ஏறும்போது, மேலே எங்கோ யாரோ தரையைக் கூட்டும் சத்தம் சரக், சரக்கென்று நிதானமாக, அவள் காலடிக்குத் தாளம் போடுவது போலக் கேட்டது.

ஐந்தாம் மாடியில் நின்றாள். சத்தமும் நின்றது.

ஏழாம் மாடிப் படிகளில் காலடித் தடங்கள். வெறுங்கால். சாம்பல் நிறம். இன்னும் ஈரம்.

மாடிக் கதவு பூட்டியே இருந்தது. திறந்தாள். யாருமில்லை. துடைப்பம் மட்டும்.

பிடித்து இழுத்தாள். காம்பு சூடாக இருந்தது. வளைந்தது. ஒரு கையாகி அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

எலும்பு முறிந்தது. அவள் அலறினாள். இன்னொரு கை முழங்காலை எதிர்ப்பக்கமாக மடக்கியது. கட்டுக்கம்பி இடுப்பைச் சுற்றியது. மார்பை. கழுத்தை. தோலுக்குள் இறங்கியது. தாடை கிழியத் திறந்தது.

"ஊத்து," என்றது காதருகே ஒரு குரல். அவளுடைய குரலேதான்.

குளிர்ந்த கான்கிரீட் தொண்டைக்குள் இறங்கியது. மெதுவாக. அவசரமே இல்லாமல்.

ஐந்து மணிக்குக் கீழே கார்கள் வந்து நின்றன. கம்பத்தின் உச்சியிலிருந்து அவள் எல்லாவற்றையும் பார்த்தாள்; இமைகள் இன்னும் இறுகவில்லை. மாடி விளக்கின் வெளிச்சத்தில் கோட்டின் சிவப்பு விளிம்பு காற்றில் படபடத்தது.

"பாருங்கப்பா, கொடி ஏத்திட்டாங்க!" என்று ஒருவர் கை தட்டினார்.

கோர் மட்டும் தட்டவில்லை. அண்ணாந்து பார்த்தபடியே நின்றான்.

கொடி கால்களை உதைத்துக்கொண்டிருந்தது.