சீலிங்குக்கு மேலே ஓர் ஆள்

பல் டாக்டர் வீட்டு ஹாலில், வரைபடத்தில் இல்லாத இடத்தில் ஓர் ஓட்டை விழுந்திருந்தது. சோபாவுக்கு நேர் மேலே, வட்டமாக. இன்டீரியர்காரர் அண்ணாந்து பார்த்து உச்சுக்கொட்டினார். எலெக்ட்ரீஷியனாம் எலெக்ட்ரீஷியன்! கண்ணை எங்கே அடகு வைத்துவிட்டு வந்தானோ.

இந்த வீட்டில் யாரையுமே அவருக்கு ஆகாது. டாக்டருக்குத் தாமரை, டாக்டரம்மாவுக்கு அலை, மாமியாருக்கு நட்சத்திரம். மூன்று வடிவத்தையும் ஒரே ஃபால்ஸ் சீலிங்கில் தொங்கவிட்டாயிற்று. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை! சாயங்காலம் மூவரும் வருகிறார்கள். அதற்குள் விளக்குகள் எரிந்தாக வேண்டும்.

பழைய தளத்துக்கும் புதுப் பலகைக்கும் நடுவே ஓர் ஆள் படுத்து நகர இடமுண்டு. எலெக்ட்ரீஷியன் சமையலறைப் பரண் வழியாக ஏறிக் கட்டைகள்மேல் படுத்துக்கொள்வான். இவர் கீழிருந்து ஒட்டடைக் கம்பால் தட்டுவார். அவன் பதிலுக்குத் தட்டி, அங்கேயே விளக்குக்கு ஓட்டை போடுவான். போட்டதும், "அடுத்தது எங்க சார்?" என்பான்.

இன்று அந்தக் கேள்வி வரவில்லை. இவர் நுழையும்போதே மேலே சரசரப்பு; தட்டினார், பதில் வந்தது, வட்டம் மட்டும் தள்ளி, சோபாவுக்கு மேலே விழுந்தது. மிஷின் இரைச்சலுக்குப் பதில் எதையோ மெல்லுவது போல ஒரு சத்தம், கூடவே ஊறிப்போன சுவரின் வாடை. மட்டமான மிஷின் வாங்கியிருப்பான் என்று நினைத்துக்கொண்டார். வாயை மூடிக்கொண்டு வேலை செய்கிறானே, அதுவரைக்கும் லாபம்.

வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தார்.

எலெக்ட்ரீஷியன் மழையில் தொப்பலாக நின்றான். கட்டைவிரல் காயத்துக்கு நீல டேப் சுற்றியிருந்தான்.

"மன்னிச்சுக்குங்க சார், வண்டி நின்னுபோச்சு. இப்பதான் வரேன்."

அப்போ மேலே யார்? கேள்வி தொண்டைவரை வந்தது. விழுங்கினார். போயும் போயும் இவன் முன்னால் பயப்படுவதா?

டொக், டொக்.

எலெக்ட்ரீஷியன் முகம் வெளுத்தது. "மேல யாரு சார்?"

"எலி. ஏறி விரட்டு."

"எலி இப்படித் தட்டாது சார். ஒரு பலகையப் பிரிச்சுப் பாத்துடலாம்."

"எலிக்குப் பயந்து வீட்டக் கொளுத்தணுமா? டாக்டர் வர்ற நேரம். ஏறு. இல்லன்னா நாளைலேர்ந்து வராத."

"வீட்ல மாசமா இருக்கா சார்..."

"அதுக்குத்தான் சொல்றேன். வேலையக் காப்பாத்திக்க."

அவன் ஏறினான். பரணின் இருட்டு முதலில் தலையை வாங்கிக்கொண்டது, பிறகு இடுப்பை, பிறகு ஈரக் கால்களை.

சரசரப்பு நகர்ந்தது. எதிர்ப்பக்கமிருந்தும் ஒரு சரசரப்பு புறப்பட்டது. இரண்டும் தாமரைக்கு மேலே சந்தித்தன.

நின்றது.

"டேய், என்னடா?"

மெல்லும் சத்தம் மட்டும். நிதானமாக.

பிரித்துப் பார்த்திருக்கலாம். ஒரு பலகைதான். கம்பை உயர்த்தித் தட்டினார்.

டொக்.

சோபாவுக்கு மேலிருந்த ஓட்டை வழியாக ஒரு கை இறங்கியது. கட்டைவிரலில் நீல டேப். அப்பாடா!

"கழுத, பேசினா என்னடா?"

அலையிலிருந்த ஓட்டையிலும் ஒரு கை. அதிலும் நீல டேப்.

நட்சத்திரத்தில் ஒன்று. தாமரையில் ஒன்று. ஓட்டைக்கு ஒரு கை.

எல்லாம் வலது கை. எல்லாவற்றிலும் அதே டேப், அதே ஈரம்.

வெளியே டாக்டரின் கார் வந்து நின்றது. கைகள் மெல்ல அவர் பக்கம் திரும்பின. ஒவ்வோர் ஓட்டையிலிருந்தும் எலெக்ட்ரீஷியனின் குரல், பணிவாக, ஒன்றுபோலக் கேட்டது:

"அடுத்தது எங்க சார்?"