உமிப்பெட்டிக்குப் போன கேள்வி

சிகாமணி மனைவி பேசுவதில் அரைக்கால்வாசியை மட்டும் கேட்டுக் குடும்பம் நடத்தினான். ஊரே அப்படித்தான். ஆளுக்கொரு காதுச்சல்லடை. யார் பேச்சில் எந்தத் துண்டு உள்ளே வரலாம் என்று அதற்கு ஒரு சொற்கோலம் எழுதிக் கொடுத்துவிட்டால் போதும், மிச்சமெல்லாம் உமிப்பெட்டிக்குப் போய்ப் பதிவாகிக் கிடக்கும்.

கோலம் எழுதுவதே சிகாமணியின் பிழைப்பு. மனைவி உமையாளின் பேச்சுக்கு அவன் எழுதி வைத்தது வெகு கச்சிதம்: 'ஏங்க' என்பதில் தொடங்கி 'சரியா' என்பதில் முடிகிற துண்டு மட்டும். கடைக்குப் போவது, குழாய் ஒழுகுவது எல்லாம் தப்பாமல் வந்து விழும். சண்டை சச்சரவில்லாத வீடு என்று மனுஷனுக்கு ஏகப் பெருமை.

அன்று காலை விழுந்தது இது: "ஏங்க, ரோஜாச் செடியைப் பக்கத்து வீட்ல குடுத்துடுங்க, உங்களுக்குத் தண்ணி ஊத்த ஞாபகமிருக்காது, சரியா?"

தலையாட்டினான். அவள் பயணப் பெட்டியோடு படியிறங்கிய பிறகுதான் சுருக்கென்றது. உமிப்பெட்டியைத் திறந்து கேட்டான்.

"நிலாவுல அஞ்சு வருஷ வேலை. துணைக்கு ஒருத்தர் வரலாமாம். வர்றீங்களா?" பிறகு, பதிலுக்குக் காத்திருந்த மௌனம். "பரவாயில்ல. ஏறுற வரைக்கும் உங்க இடத்தைப் பிடிச்சு வைக்கச் சொல்லியிருக்கேன்."

தினமும் கேட்டிருக்கிறாள். ஒன்றிலும் 'ஏங்க' இல்லை. வேலை ஏவும்போது வருகிற சொல் அது, ஆசையாகக் கேட்கும்போது அவளுக்கு வரவில்லை. சிகாமணி செருப்புக்கூடப் போடாமல் ஓடினான்.

ஏவுதளத்தில் அவள் வரிசையில் நின்றிருந்தாள். மூச்சிரைக்க எல்லாவற்றையும் கொட்டினான். நீ கேட்டது என் காதில் விழவே இல்லை, நீயில்லாத வீட்டில் எனக்கென்ன வேலை, நானும் வருகிறேன் என்றான். அவள் முகத்தில் சலனமே இல்லை. வழியனுப்ப வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். வரிசை நகர்ந்தது.

அப்போதுதான் உறைத்தது. ஓயாமல் கோலப் புராணம் பாடுகிறீர்கள் என்று சலித்துக்கொண்டு அவளும் ஒரு கோலம் கேட்டிருந்தாள். அவனே எழுதிக் கொடுத்தான். அவன் பேச்சிலிருந்து ஒரே ஒரு சொல்தான் அவள் காதுக்குப் போகும்.

"சரி," என்றான்.

உமையாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. தன் சல்லடையைக் கழற்றினாள், அவன் காதில் இருந்ததையும் பிடுங்கிப் பெட்டிக்குள் போட்டாள். அவன் துணிமணியும் அந்தப் பெட்டியிலேயே இருந்தது.

"ஏங்க," என்று ஆரம்பித்தாள்.

நிலா விண்கலத்தின் சன்னலை அடைத்துக்கொண்டு நின்றபோதும் 'சரியா' வந்தபாடில்லை. அவன் கேட்டுக்கொண்டே இருந்தான்.