சந்தனம் பூசிய மூடி

இரண்டு வருடமாகக் கார்த் திறப்பைத் தொடவிடாத மனிதர், இப்போது மட்டும் ஏன் என்னையே கார் ஓட்டச் சொல்கிறார்?

ஆரணி இதைக் கணவன் துஷாந்தனிடம் கேட்கவில்லை. காரின் பொனற்றைத் தூக்கி, பிறேக் ஒயில் தொட்டியின் மூடியைத் திருகிக் கழற்றி, பேனை போன்ற சோதனைக் கருவியின் முட்களை உள்ளே இறக்கினாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீடு திரும்புமுன்பே இருட்டிவிடும் மார்கழி. குட்மேய்ஸ் தெருவில் ஈர இலைகள் அழுகும் மணமும், பக்கத்து வீட்டில் மீன் பொரியும் மணமும், சூடு ஆறாத இயந்திரத்தின் றப்பர் மணமும் ஒன்றாகக் கலந்து அவள் தொண்டையில் படிந்தன.

கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

சிவப்பு என்றால் ஒயிலில் தண்ணீர் கலந்துவிட்டது. வேகமாகப் போகும்போது அழுத்தி மிதித்தால், சூட்டில் அந்தத் தண்ணீர் கொதிக்கும். மிதி வெறுமையாகத் தரைவரை இறங்கிவிடும். கார் நிற்காது.

ஈஸ்ட் ஹாமில் கராஜ் வைத்திருக்கும் நிரூபனுக்குப் போன் எடுத்துச் சொன்னாள்.

"போன கிழமைதானே அக்கா புது ஒயில் விட்டனான். உங்கட கார் என்ன, ராவில எழும்பித் தண்ணி குடிக்குதோ?"

"பகிடி விடாதையும் தம்பி. எப்பிடி வந்தது?"

"ஆரும் வேணுமெண்டு ஊத்தினாத்தான் இப்பிடி வரும். அண்ணையோட சண்டையோ?"

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். போனை வைத்த பிறகும் அந்தச் சிரிப்பு அவள் முகத்தில் காய்ந்துபோய் ஒட்டியிருந்தது.

நிரூபன் மறுபடியும் ஒயிலை மாற்றினான். கருவி பச்சை காட்டியது. அன்றே ஆரணி, மனோர் பார்க் முருகன் கோயிலில் வாகனப் பூசைக்குக் கொடுத்த சந்தனத்தைக் குழைத்து, மூடியும் தொட்டியும் சேரும் விளிம்பைச் சுற்றித் தடவிக் காயவிட்டாள். யாராவது திறந்தால் சந்தனம் வெடிக்கும். தெரிந்துவிடும்.

துஷாந்தன் அவள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். "பிறேக்குக்கும் பொட்டு வச்சிட்டீரோ? நல்லது. இனிப் பயமில்லாமல் ஓடலாம். சனிக்கிழமை பேர்மிங்ஹாமுக்கு நீர்தான் ஓடுறீர். அங்க இருக்கிற என்ர அக்காவுக்கும் சொல்லிப்போட்டன்."

"மோட்டர்வேயில நான் ஒருநாளும் ஓடினதில்லையே."

"அதுக்குத்தானே சொல்லுறன்."

அதன்பிறகு விடியற்காலைகளில் அவளுக்கு நித்திரை கலைந்தது. பக்கத்தில் படுக்கை குளிர்ந்து கிடக்கும். கீழே முன்கதவு மெல்லச் சாத்தப்படும். முற்றத்துச் சரளைக்கற்கள் ஒவ்வொன்றாக நொறுங்குவதுபோல் ஓசை கேட்கும். திரைச்சீலையை விரலளவு விலக்கிப் பார்ப்பாள். துஷாந்தன் மூடிய பொனற்றுக்கு முன்னால், கைகளைப் பைக்குள் விட்டபடி, யாரோ தாழ்ந்த குரலில் சொல்வதைக் கேட்பவன்போல் தலையைச் சரித்து நின்றுகொண்டிருப்பான். தொடமாட்டான். நிற்பான். இடையிடையே தலையசைப்பான்.

சனிக்கிழமை. பைகள் காருக்குள் ஏறிவிட்டன. ஆரணி பொனற்றைத் தூக்கினாள்.

சந்தனம் வெடிக்கவில்லை. ஒரு கீறலும் இல்லை. கட்டிய கணவனைச் சந்தேகித்த வெட்கம் காதுவரை சுட்டது. ஆனாலும் நகத்தால் சுரண்டி, மூடியைத் திறந்து, கருவியை இறக்கினாள்.

சிவப்பு.

மூடியைத் திருப்பினாள். அதன் உட்புறத்தில் ஈரச் சந்தனம். அதில் ஒரு கைரேகை. திறக்கவே திறக்காத மூடியின் உள்ளே.

"பனிக்குள்ள நிண்டு என்ன ஆராய்ச்சி?" துஷாந்தன் மூடியை அவள் கையிலிருந்து வாங்கித் திருகிப் பூட்டினான். பொனற்றை அறைந்து சாத்தினான்.

"சிவப்புக் காட்டுது."

"அது மலிவுச் சாமான். நான் மிதிச்சுக் காட்டுறன், பின்னுக்கு நிண்டு பாரும்."

ஓட்டும் இருக்கையில் அமர்ந்து மிதித்தான். பின்விளக்குகள் எரிந்தன. ஈரச் சரளை சிவந்தது.

"சரியோ?" இறங்கிக் கதவைச் சாத்தினான். அவளருகே வந்து நின்றான்.

விளக்குகள் அணையவில்லை.

பிறகு அணைந்தன. மறுபடி எரிந்தன. மெதுவாக. ஒரு கால் மிதியைப் பழகிக்கொள்வதுபோல்.

ஆரணி அவனைப் பார்த்தாள். அவன் முகத்தில் சிவப்பு வந்து போனது. அவன் திடுக்கிடவில்லை.

"உள்ளுக்கு ஆர்?"

"பிந்துது ஆரணி. ஓடப் பயமெண்டால் பின்னுக்கு ஏறும்."

பின்கதவைத் திறந்துவிட்டான். சுற்றிப்போய் இடப்பக்க முன்னிருக்கையில் அமர்ந்து, பெல்ற்றைப் போட்டுக்கொண்டான்.

திறப்பு அவள் உள்ளங்கையில். குளிர்ந்தது.

வலப்பக்க இருக்கை வெறுமை. அதன் பெல்ற் தானாக இழுபட்டது. குறுக்கே வந்தது. கிளிக் என்று பூட்டியது. ஒன்றுமில்லாத இடத்தில் இறுகி நின்றது.

நெஞ்சு உயரத்தில் அது மேலெழுந்தது. தாழ்ந்தது. மேலெழுந்தது.

"ஏறுமன்," என்றான் துஷாந்தன், முன்னாலேயே பார்த்தபடி. "காத்துக்கொண்டிருக்கெல்லே."

"நான் வரேல்லையப்பா," என்றாள் ஆரணி, மெதுவாக.