அறுபது நிமிஷப் பெயர்கள்

திரையில் கிடங்கு, நூற்பு, கொதிகலன் என்று செக்‌ஷன் பெயர்கள்தான் வரும். அன்று மத்தியானம் ஓர் ஆளின் பெயர் நின்றது. பேச்சிமுத்து, 14.

ஆனையூர் பக்கத்துப் பஞ்சாலைக்குக் கம்ப்யூட்டர் வந்து ஒரு வருஷம்தான். செக்‌ஷனுக்கு வரும் தகவலை அறுபது நிமிஷம் வைத்திருக்கும். யாரும் எடுக்காவிட்டால் அழித்துவிடும். மிச்ச நிமிஷம் பெயருக்குப் பக்கத்திலேயே எண்ணாகக் குறையும். பத்துக்குக் கீழே இறங்கினால் பச்சைப் பொத்தானை அமுக்கி மறுபடி அறுபது கொடுக்க வேண்டும். இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டி வாசிக்கத் தெரிந்த கிழவர் கருத்தக்கண்ணனுக்கு அதுதான் வேலை. அந்தப் பெட்டியை அவர் ஒருநாளும் நம்பியதில்லை.

மாடியில் இருக்கும் ஆபீசர் பிச்சுமணிக்குப் போன் போட்டார்.

"எவனோ விளையாடுறாண்ணே. விடுங்க, தானா அழிஞ்சிரும்."

விட்டார். சூடேறிய ஒயர் வாசனையும் பஞ்சுத்தூசியும் கலந்து தொண்டையை அடைக்க, மின்விசிறியின் கறகறப்புக்கு அடியில் வேறெதுவோ மூச்சுவிடுவது போலிருந்த அறையில், அந்த எண் சுழியமாகிப் பெயர் மறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. கிடங்கிலிருந்து.

"அண்ணே, நம்ம பேச்சிமுத்து பஞ்சு பேல் தூக்கும்போதே சாஞ்சுட்டான். உசுரு இல்ல."

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினார். திரையில் புது வரி.

ஒச்சாயி, 9.

அவர் பெண்டாட்டி.

பொத்தானை அமுக்கினார். 60. மூச்சு விடுவதற்குள் 41. அமுக்கினார். 60. உடனே 22. விரலை எடுக்கவே முடியவில்லை.

படியில் தூக்குவாளிச் சத்தம். ஒச்சாயிதான்.

"ஏய்யா, சோத்துக்கு வராம பெட்டிகூட என்ன குடித்தனம்?"

"கிட்ட வராத."

"அம்புட்டு ஆசையா அது மேல?"

சிரித்துக்கொண்டே வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பொத்தானிலிருந்து இழுத்தாள். சோறு வடித்த கை. சூடாக இருந்தது.

"விடுடி."

"சாப்பிட்டுட்டு அமுக்கு."

5.

"ஒச்சாயி, விடு."

2.

சுழியம். வரி மறைந்தது. சிரிப்பு பாதியில் நின்றது. கையின் சூடு விரல் விரலாக இறங்கியது. அவள் நின்றபடியே இருந்தாள். கண் திறந்திருந்தது.

பிடி மட்டும் தளரவில்லை.

திரையில் இன்னொரு பெயர் எழுத்தெழுத்தாக வந்தது. கூட்டி வாசித்தார். கருத்தக்கண்ணன், 8.

பொத்தான் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கையை நீட்டினார். சில்லிட்ட விரல்கள் இன்னும் இறுகின.