லுவா எங்கே போகிறாள்?

"அடுப்புல சோத்தை ஏத்திட்டு மறுபடியும் கிளம்பிட்டாளா மகாராணி?"

மாமியார் கிம் இதை யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. பூசணிக்காய்க் குவியலைப் பார்த்துக் கேட்டாள். காய் ராங் என்ற ஊரின் ஆற்றுப் படகுச் சந்தையில் சேவல் கூவுவதற்கு முன்னால் கேட்பது அவள் குரல்தான். பக்கத்துப் படகுக்காரர்கள் அதைக் கேட்டுத்தான் எழுந்திருப்பார்கள்.

மூத்த மருமகள் லுவா அதற்குள் சின்ன ஓடத்தில் இறங்கிவிட்டிருந்தாள். காலடியில் பாதியாக வெட்டிய ஒரு பூசணிக்காய்.

"சோறு கொதிக்கறதுக்குள்ள வந்துடுவேன் அத்தை."

"நேத்தும் இதையேதான் சொன்னே. வந்து பாத்தா சோறு குழைஞ்சு கூழாயிருந்துச்சு. போ... வீட்டு வேலை செய்ய நாங்க இருக்கோமே, நீ ஊர்வலம் போ."

லுவா நின்றபடியே துடுப்பை வலித்து, படகுகளின் நடுவே நுழைந்து மறைந்துபோனாள்.

அந்தப் பெரிய படகுதான் அவர்களுக்கு வீடு, கடை எல்லாம். நடுவில் கூரைக்குக் கீழே செத்துப்போன மாமனாரின் படமும் ஊதுபத்திக் கிண்ணமும். பின்பக்கம் அடுப்பு. முன்பக்கம் முழுக்கப் பூசணிக்காய். வின் லாங் விவசாயிகளிடம் மொத்தமாக வாங்கி வந்து, காய் ராங்கில் நங்கூரம் போட்டு, சில்லறை ஓடக்காரர்களுக்கு விற்பது அவர்கள் தொழில். கிம், பெரிய மகன் கியெட், அவன் மனைவி லுவா, சின்ன மகன் தோவான், அவனுக்குப் புதிதாக வாய்த்த மனைவி துயெட் என்று ஐந்து பேரின் வயிறும் அந்தக் குவியலை நம்பித்தான் இருந்தது.

கிம்முக்கு வியாபாரம் என்றால் ரொம்பச் சுலபம். படகை நிறுத்து, முன்னால் மூங்கில் கழியை நட்டு அதில் ஒரு காயைத் தொங்கவிடு, பிறகு உட்கார். அன்னாசி தொங்கினால் அன்னாசிப் படகு, வெங்காயம் தொங்கினால் வெங்காயப் படகு. வேண்டியவன் கழியைப் பார்த்து வருவான். வராவிட்டால் நாளைக்கு வருவான்.

லுவாவோ தினமும் விடியற்காலையில் இருக்கிற காயிலேயே நல்ல காயாகப் பொறுக்கி, கழுவி, இரண்டாக வெட்டுவாள். செக்கச்செவேலென்ற சதை வெளியே தெரிய ஒரு பாதியைக் கழியில் கட்டுவாள். மறு பாதியை எடுத்துக்கொண்டு ஓடத்தில் போய்விடுவாள். சந்தை சூடு பிடிக்கும் நேரத்தில் வெறுங்கையோடு திரும்புவாள். எங்கே போனாய் என்றால், "சும்மாத்தான்."

ஆரம்பத்தில் அவள் உண்மையைத்தான் சொன்னாள். "நம்ம படகைப் பாக்கப் போறேன்" என்றாள். குடும்பமே சிரித்தது. "படகுலயே குடியிருந்துக்கிட்டு படகைப் பாக்கப் போறாளாம்" என்று தோவான் பக்கத்துப் படகு வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். அதிலிருந்துதான் இந்தச் சும்மா.

அவள் எங்கே போகிறாள் என்கிற அரிப்பு கிம்மை விட அதிகமாக இருந்தது துயெட்டுக்கு. வயல்காட்டு ஊரில் பிறந்து, நான்கு மாதக் கர்ப்பத்தோடு, ஆடிக்கொண்டே இருக்கிற ஒரு வீட்டில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு? அன்று காலை அவள் கூரை மேல் ஏறி நின்று பார்த்தாள். பார்த்ததை மாமியாரிடம் சொன்னால் நல்ல பெயர் கிடைக்குமே என்றும் நினைத்தாள், பாவம்.

லுவா திரும்பி வந்து ஓடத்தைக் கட்டுவதற்குள் கிம் முன்னால் வந்து நின்றுவிட்டாள்.

"கஞ்சிப் படகு வச்சிருக்காளே தாம், அவ உனக்கு என்ன உறவு?"

"சித்தி பொண்ணு. உங்களுக்குத் தெரியாததா அத்தை?"

"தெரியும்டி. என் வீட்டுக் காயை வெட்டி தினமும் உன் வீட்டாளுக்குக் கொண்டுபோய்க் கொட்டறேங்கறதுதான் தெரியாமப் போச்சு. சின்னவ கண்ணால பாத்திருக்கா."

லுவா துடுப்போடு படகில் ஏறினாள். "கொட்டலை அத்தை... அவ அதைப் போட்டுக் கஞ்சி காச்சறா. காய் வாங்க வர்றவங்க எல்லாரும் அவகிட்டதான் காலையில சாப்பிடறாங்க. இனிப்பா இருக்கே, எந்தப் படகுக் காய்னு கேட்டா நம்ம கழியைக் கை காட்டறா. அதுக்குத்தான்..."

"ஓசியில காய், ஓசியில கஞ்சி. அதுக்கு ஒரு கதை வேற."

லுவா கணவனைப் பார்த்தாள். கியெட் பயணத்துக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தான். பின் துவாங் என்கிற ஊரில் ஒரு செருப்புத் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, தம்பியையும் கூட்டிக்கொண்டு விசாரிக்கப் போகிறான். இரண்டு தடவையாகக் காய் தேங்கி அழுகிப்போனதில் அவன் மனம் விட்டுப்போயிருந்தது.

"அம்மா சொல்றபடி கொஞ்ச நாளைக்கு இரேன் லுவா" என்றான், தலையை நிமிர்த்தாமலே. "நான் திரும்பி வரும்போது இந்தக் காய்ல பாதியாவது போயிருந்தா ஆத்துலயே இருப்போம். இல்லேன்னா படகைக் கொடுத்துட்டுத் தொழிற்சாலைக்குப் போயிடலாம். எனக்கு வேற வழி தெரியலை."

மாமியார் திட்டியது லுவாவுக்கு வலிக்கவில்லை. அது மழை மாதிரி, தினமும் பெய்வது. புருஷன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னான் பாருங்கள், அதுதான் நெஞ்சில் போய்த் தைத்தது. அவள் துடுப்பைக் கூரையில் செருகிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

"இனிமே கழி வேலை சின்னவ பாத்துக்கட்டும். கட்டின காயே கிடக்கட்டும், தினமும் ஒண்ணை வெட்டி நாசம் பண்ண வேண்டாம்" என்று கிம் தீர்ப்புச் சொன்னாள்.

ஆண்கள் இருவரும் போனார்கள். படகில் மூன்று பெண்களும் பூசணிக்காயும் மிச்சம்.

லுவாவுக்கும் வீம்பு இல்லாமல் இல்லை. பின்பக்கத்தை விட்டு அசையவில்லை. சோறாக்கினாள், மீன் வறுத்தாள், படகுக்குள் கசிந்த தண்ணீரை இறைத்தாள். முன்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் காது என்ன செய்யும்? வழக்கமாக வந்து மோதும் ஓடங்களின் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. பேரம் பேசும் குரல்கள் பக்கத்துப் படகோடு நின்றுபோயின. வாடிக்கையாக வாங்குகிற ஒரு கிழவி இவர்களைக் கடந்து போகும்போது கிம்மைப் பார்த்து, "உடம்பைப் பாத்துக்க அக்கா" என்று துக்கம் விசாரிப்பது போலச் சொல்லிவிட்டுப் போனாள். கிம்முக்கு ஒன்றும் புரியவில்லை.

"எல்லாருக்கும் என்னடி ஆச்சு? நான் என்ன சாகவா கிடக்கேன்?"

நான்காம் நாள் காலை ஒரு பெரியவர் ஓடத்தைக் கட்டிவிட்டு ஏறி வந்தார். கிம்முக்கு முகம் மலர்ந்தது.

"வாங்கய்யா. எத்தனை காய் வேணும்?"

பெரியவர் காயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து பக்கப் பலகையைத் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். பிறகு கையை விரித்து விரித்து நீளத்தை அளந்தார்.

"நல்ல மரம். அடிப்பலகை எப்ப மாத்தினீங்க?"

"அது எதுக்கு உங்களுக்கு?"

"விக்கறதுக்குத்தானேம்மா ஓலை கட்டியிருக்கீங்க?"

அடுப்படியில் லுவாவின் கையிலிருந்து அகப்பை விழுந்தது.

எங்கள் ஆற்றில் பேசத் தெரியாத குழந்தைக்கும் இது தெரியும். காய் தொங்கினால் காய் விற்பனைக்கு. தென்னையோலை தொங்கினால் படகே விற்பனைக்கு. ஓலை என்றால் கூரை, கூரை என்றால் வீடு. கழியில் ஓலை கட்டிய குடும்பத்தைப் பார்த்தால் நொடித்துப்போன வீட்டைப் பார்ப்பது போல நாகரிகமாக ஒதுங்கிப் போய்விடுவார்கள். அவர்களிடம் யாரும் காய் வாங்க மாட்டார்கள். கடைசிக் காய் சொத்தையாகத்தான் இருக்கும் என்று எல்லாருக்கும் ஒரு நினைப்பு.

கிம் கண்ணை இடுக்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். புரை விழுந்த அந்தக் கண்ணுக்கு வானமும் கழியும் ஒன்றாகத்தான் தெரிந்தன.

"லுவா..." அவள் கழியைத் தடவிப் பிடித்தாள். "இருக்கா? ஓலை இருக்கா?"

லுவா முன்னால் வந்து பார்த்தாள். இருந்தது. வாடிச் சுருங்கிய பாதிப் பூசணிக்கு மேலே, வெயில் படாமல் குடை பிடித்த மாதிரி, பச்சைத் தென்னையோலை. அதைக் கட்டியிருந்த முடிச்சையும் பார்த்தாள். படகுக்காரர்கள் யாரும் அப்படி முடிச்சுப் போடமாட்டார்கள். நெற்கதிரைக் கட்டுகிற முடிச்சு அது.

துயெட் கூரைக்குள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காய் வாடிவிட்டால் புதிதாக ஒன்றை வெட்ட வேண்டியிருக்கும், அதற்கும் திட்டு விழும் என்று பயந்து நிழல் கட்டியிருக்கிறாள். வயல்காட்டுப் பெண்ணுக்கு ஓலையைப் பற்றி என்ன தெரியும்? சென்ற மாதம் கிண்ணத்தை ஆற்றில் நழுவவிட்டதற்கே, "இன்னொரு தடவை ஏதாவது பண்ணினே, உன் அப்பன் வீட்டுக்கு மூட்டை கட்டு" என்று கிம் சொல்லியிருந்தாள்.

"இருக்கு அத்தை" என்றாள் லுவா.

"நீதானே கட்டினே? கஞ்சிப் படகுக்குப் போக விடலேங்கற ஆத்திரம்... என் புருஷன் கட்டின படகையே விலை கூறிட்டியே பாவி. ஆமான்னு சொல்லு. இல்லைன்னாவது சொல்லு."

"அவுத்துடறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, லுவா கழியைச் சாய்த்து ஓலையை அவிழ்த்து ஆற்றில் விட்டாள். செய்தவள் அவள்தான் என்று கிம் முடிவு கட்டுவதற்கு அது போதுமானதாக இருந்தது.

மத்தியானம் கியெட்டும் தோவானும் வந்து சேர்ந்தார்கள். கியெட்டின் முகம் கறுத்திருந்தது.

"கரையிலயே சொல்லிட்டாங்க. நம்ம படகு விலைக்காமே? நான் இன்னும் முடிவே பண்ணலையே அம்மா."

"உன் பொண்டாட்டி பண்ணிட்டா. அவளையே கேளு. இல்லே, கேக்கவே வேண்டாம்... இவ அம்மா படகு பாலத்தடியிலதானே நிக்குது? அங்கே போயிடச் சொல்லு. இந்தப் பலகை மேல அவ கால் படக் கூடாது."

கியெட் மனைவியைப் பார்த்தான். இந்தத் தடவை நிமிர்ந்து பார்த்தான். "நீயா லுவா?"

அவள் ஏற்கனவே இரண்டு மாற்றுத் துணி அளவே இருந்த மூட்டையை ஓடத்தில் வைத்துவிட்டிருந்தாள். "சோறு ஆக்கி வச்சிருக்கேன். ரெண்டு பேரும் சாப்பிடுங்க" என்றாள். கயிற்றை அவிழ்த்தாள்.

"அக்கா, போகாதீங்க."

துயெட் ஓடி வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். ஆடுகிற பலகையில் அவள் அப்படி ஓடியதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. "நான்தான் கட்டினேன் அத்தை... நிழலுக்குத்தான் கட்டினேன். எனக்கு இதெல்லாம் தெரியாது. காலையிலேயே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்..." என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்து அழுதாள்.

கிம் தடவித் தடவி, லுவாவின் ஓடம் இருந்த ஓரத்துக்கு வந்தாள்.

"உனக்குத் தெரியுமா இது?"

"முடிச்சைப் பாத்ததும் தெரிஞ்சுது அத்தை."

"அப்ப ஏன் வாயைத் திறக்கலை?"

"சொன்னா அவளை அனுப்பிடுவீங்க."

"உன்னைத்தான் அனுப்பிட்டேனே..."

"எனக்குத் துடுப்புப் போடத் தெரியும் அத்தை" என்றாள் லுவா. "அவளுக்குத் தெரியாது."

கிம் கையை நீட்டினாள். "பிடி. நானும் வரேன்."

"எங்கே அத்தை?"

"தினமும் எங்கே போவியோ அங்கே."

லுவா அவளைப் பத்திரமாக இறக்கி உட்கார வைத்து, ஆறு திரும்புகிற முனை வரைக்கும் வலித்துக்கொண்டு போனாள். வெளியூர் வியாபாரிகள் சந்தைக்குள் நுழைகிற இடம் அது. அங்கே ஓடத்தை நிறுத்தினாள்.

"இங்கேதான் நிப்பேன். வர்றவங்க முதல்ல பாக்கறது இங்கேருந்துதான். நம்ம கழி தெரியுதா, வேற படகு மறைக்குதா, காய் பளிச்சுனு இருக்கான்னு பாப்பேன். மறைச்சா வந்து கழியை உயர்த்திக் கட்டுவேன். அப்புறம் தாம்கிட்ட காயைக் கொடுத்துட்டு வந்துடுவேன். ஒரு நாள் விட்டாலும் அடுத்த நாள் ஆள் குறையுது அத்தை. அதுக்காகத்தான் தினமும்..."

கிம் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"இதுல எது நம்ம படகு?"

"இடது பக்கம், சிவப்பு முகப்பு. கண்ணு வரைஞ்சிருக்கே, அது."

"தெரியலைடி எனக்கு." அவள் கையை இறக்கினாள். "கல்யாணமாகி வந்த நாள்லேருந்து அதுக்குள்ளயே உக்காந்துட்டேன். கண்ணு நல்லா இருந்தப்பகூட ஒரு நாளும் இங்கே வந்து பாக்கணும்னு தோணலையே. படகுக்குக் கண்ணு வரைஞ்சு வச்சிருக்கோம், எனக்கு இல்லாமப் போச்சே... ஓலை கட்டி நாலு நாளு. நீ வழக்கம்போல வந்திருந்தா முதல் நாளே பாத்திருப்பே."

லுவா துடுப்பை விட்டுவிட்டு அவள் முன் மண்டியிட்டாள். கிம் மருமகளின் தலையைத் தன் மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஓடம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"ஆடாதேடி, எனக்கு நீச்சல் தெரியாது" என்று அழுகைக்கு நடுவே சொன்னாள் கிம். ஆற்றிலேயே கிழவியானவளுக்கு நீச்சல் தெரியாது என்பது லுவாவுக்கு அன்றுதான் தெரிந்தது.

திரும்பும் வழியில் தாமின் கஞ்சிப் படகு குறுக்கே வந்தது. கிம்மைப் பார்த்து அவள் விலகப் போனாள்.

"நில்லு. என் படகு விலைக்கு இல்லைன்னு உன்கிட்ட சாப்பிடறவங்க அத்தனை பேர்கிட்டயும் சொல்லு" என்றாள் கிம். "நாளைக்குப் பாதி இல்லே, முழுக் காய் தரேன்."

அன்று மாலைக்குள் சந்தை முழுக்கச் செய்தி பரவி, ஓலைக் கதையைச் சொல்லிச் சொல்லி எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்க வந்தவர்களில் பலர் காயும் வாங்கிப் போனார்கள். குவியலில் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. கியெட் அதைப் பார்த்தான், தொழிற்சாலைப் பேச்சை விட்டுவிட்டு நாளைக்கு வெட்டக் காய் பொறுக்க உட்கார்ந்தான்.

விடியற்காலையில் லுவா அடுப்பை மூட்டப் போனபோது கிம் அங்கே உட்கார்ந்திருந்தாள்.

"நீ கிளம்பு. சோத்தை நான் பாத்துக்கறேன்."

"உங்க கண்ணு அத்தை..."

"சோறு வெந்துச்சான்னு மூக்கைக் கேட்டா சொல்லும். நேரமாகுது, போ. மெதுவாவே வா."

லுவா பனி விலகும் வரை முனையில் நின்றுவிட்டு வந்தாள். அன்று சோறு நன்றாகவே அடிப்பிடித்திருந்தது. தோவான் வாயைத் திறக்கப் போனான், கியெட் அவனை முழங்கையால் இடித்தான். லுவா இன்னொரு தடவை போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.