சால்வை கிடந்த மேடை

காலை ஏழு மணி. ஆற்றுப் பாலத்தில் ஒரு பழுப்பு நிறச் சால்வை கிடந்தது. அதற்குச் சொந்தக்காரரைக் காணவில்லை.

அந்தப் பாலத்தில் ரயில் ஓடி வெகுகாலம் ஆகிறது. தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டுப் பலகை பரப்பி, இரண்டு பக்கமும் கம்பி கட்டி, நடந்து பார்க்க வருகிறவர்களுக்காகத் திறந்துவிட்டிருந்தார்கள். ரயில் வரும்போது பாதைத் தொழிலாளிகள் ஒதுங்கி நிற்பதற்கென்று கட்டிய சிறு மேடைகள் பக்கவாட்டில் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றில் இப்போது ஒரு பெஞ்சும், காட்சிக்கென்று கொஞ்சம் பழைய ஜல்லியும் இருந்தன. சால்வை கிடந்தது அப்படிப்பட்ட ஒரு மேடையில்தான்.

இன்ஸ்பெக்டர் அம்மா வந்தபோதும் பனி விலகவில்லை. எட்டிப் பார்த்தால் கீழே ஒரே வெள்ளை. பெஞ்சில் காணாமல் போனவரின் தம்பி உட்கார்ந்திருந்தார். அண்ணனும் தம்பியுமாகச் சேர்ந்து அச்சகம் நடத்துகிறார்கள். பாலத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று அண்ணன்தான் கூப்பிட்டாராம். படம் எடுப்பதற்காகக் கம்பிமேல் ஏறியவர் சறுக்கிவிட்டாராம்.

"விழுந்ததைப் பாத்தீங்களா?"

"இந்தப் பனியில என்னத்த மேடம் பாக்குறது? நான் பின்னாடி வந்துக்கிட்டிருந்தேன். 'ஐயோ'ன்னு ஒரு குரல். அடுத்த நிமிஷம் தண்ணியில தொபீர்னு விழுற சத்தம். இன்னும் காதுலயே நிக்குது."

நுழைவாயில் காவலாளியை அம்மா தனியாக விசாரித்தார். கூண்டின் சிறு துவாரம் வழியாக அவர் இரண்டு டிக்கெட் கொடுத்திருக்கிறார். தெரிந்தது தம்பியின் முகம் மட்டும். பிறகு "பாத்து வாண்ணா" என்று சொல்லிக்கொண்டே போனது காதில் விழுந்ததாம். அதற்குப் பதில் கேட்டதா என்றதற்கு, அண்ணன்காரர் பேச்சுக் குறைந்தவரோ என்னவோ என்றார்.

தேடப் போன படகைப் பற்றி ஒரு கான்ஸ்டபிள் வந்து அலுத்துக்கொண்டார். இந்த இடத்துக்கு நேர் கீழே வரச்சொன்னால் படகுக்காரர் முடியாதென்கிறாராம், அடி தட்டுகிறதாம். ஆளைத் தண்ணீர் எப்படியும் இழுத்துக்கொண்டுதான் போயிருக்கும் என்று தள்ளித் தேடிக்கொண்டிருக்கிறாராம். அம்மா தலையை மட்டும் ஆட்டினார்.

அதற்குள் அண்ணி வந்துவிட்டார். அழவில்லை. சால்வையைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார்.

"இது அவரோடதுதான். ஆனா அவரு இங்க வந்திருக்கவே மாட்டாரு. பல்பு மாத்த நாற்காலியில ஏறச் சொன்னாலே கண்ணைக் கட்டுதும்பாரு."

மெஷின் நின்றுவிட்டது என்று விடியும் முன்னே தம்பி போன் செய்ததால்தான் அவர் அச்சகத்துக்குக் கிளம்பினார் என்றும் சொன்னார். தம்பி உடனே அதற்கும் பதில் வைத்திருந்தார். மெஷின் சரியான பிறகு அண்ணனுக்கே திடீரென்று ஆசை வந்துவிட்டது என்றார்.

அம்மா குனிந்து ஒரு கைப்பிடி ஜல்லியை அள்ளினார். எல்லோரையும் பேசாமல் நிற்கச் சொல்லிவிட்டு, சால்வை கிடந்த இடத்திலிருந்து ஒரு கல்லைக் கீழே விட்டார்.

தொப்.

நனைந்த மண்ணில் விழுந்த சத்தம். சற்றுத் தள்ளி நின்று இன்னொரு கல். மறுபடியும் தொப்.

"மழைக்காலத்துல இதுக்குக் கீழ ஆறு ஓடியிருக்கும். இப்ப வெறும் மணல்திட்டு," என்றார் அம்மா. "அதனாலதான் படகு தட்டுது. பனியில உங்களுக்கு அது தெரியல. தண்ணியே இல்லாத இடத்துல ஆள் விழுந்தா தொபீர்னு எப்படிக் கேக்கும்?"

தம்பி கீழே பார்த்தார். இன்னமும் வெள்ளையாகத்தான் இருந்தது.

"உங்க கூட யாரும் வரல. டிக்கெட் ரெண்டு, குரல் ஒண்ணு. சால்வையை மட்டும் கொண்டுவந்து போட்டிருக்கீங்க. அச்சகத்துல அண்ணனை என்ன செஞ்சீங்க?"

அவர் அதிகநேரம் தாக்குப்பிடிக்கவில்லை. அச்சகத்தை இடித்துவிட்டு ஓட்டல் கட்ட ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். தம்பிக்குச் சம்மதம், அண்ணன் மாதக்கணக்கில் மாட்டேன் என்றார். இன்றும் மாட்டேன் என்று திரும்பி நடந்தபோது, கைக்கு எட்டிய இரும்புக் கட்டையால் பின்மண்டையில் அடித்தாயிற்று. அண்ணன் விழுந்தார். அசையவில்லை. காகிதக் கிடங்கில் போட்டுப் பூட்டிவிட்டு, ஆறு அடித்துக்கொண்டு போனதாக ஊர் நம்பட்டும் என்று பாலத்துக்கு வந்திருக்கிறார்.

"மூச்சு இருக்கான்னு பாத்தீங்களா?"

பதிலுக்கு அம்மா காத்திருக்கவில்லை. தம்பியைக் கான்ஸ்டபிளிடம் ஒப்படைத்துவிட்டு, ஆம்புலன்சை அச்சகத்துக்கு வரச்சொல்லிக்கொண்டே ஜீப்புக்கு ஓடினார். அண்ணியும் பின்னாலேயே ஏறிக்கொண்டார்.

கிடங்கின் பூட்டை உடைத்தார்கள். காகிதக் கட்டுகளுக்கு நடுவில் ஒருக்களித்துக் கிடந்தார் அண்ணன். தலைமுடியில் ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது. அம்மா மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தார். மெல்லிசாக மூச்சு வந்துகொண்டிருந்தது.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது அவர் கண்ணைத் திறந்தார். மனைவியைப் பார்த்தார், காக்கி உடுப்பைப் பார்த்தார். நாக்குக் குழறியது.

"எவனோ பின்னாலருந்து அடிச்சுட்டான்... தம்பியும் உள்ளதான் இருந்தான். முதல்ல அவனைப் பாருங்க."

அண்ணி இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்.

"அவருக்கு ஒண்ணும் ஆகல," என்றார் அம்மா. "எங்க ஆளுங்க கூடத்தான் இருக்காரு."

நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார் அவர். அண்ணி பிடித்த கையை விடாமல் ஆம்புலன்சில் ஏறினார்.