நீ எந்தப் பக்கம்?

அவளுக்கு ரேடியோ என்று பேர் வைத்தது அவள் அண்ணன்தான். "இதை அணைக்கிற பொத்தான் எங்கம்மா இருக்கு?" என்று ஒருநாள் அவன் கேட்கப்போய், வீட்டில் ஒட்டிக்கொண்ட பேர் பள்ளிக்கூடம் வரைக்கும் வந்துவிட்டது. ரேடியோவுக்கு அதில் வருத்தமே இல்லை. பேசத் தெரிந்தவளைத்தானே பட்டிமன்றத்தில் சேர்ப்பார்கள்?

பட்டிமன்றம் வெள்ளிக்கிழமை. 'தூர நாட்டு மக்கள் போரிலும் பசியிலும் வாடுவதற்கு மேலை நாடுகள்தான் காரணம்' என்று டீச்சர் தலைப்பைக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தார். ஆமாம் என்று பேச ரேடியோவும் சோடாபுட்டியும். இல்லை என்று பேசப் பக்கத்து வகுப்பிலிருந்து இரண்டு பேர். சோடாபுட்டி, கனத்த கண்ணாடி போட்ட பையன். கண்ணாடியைக் கழற்றினால் அவனுக்குக் கரும்பலகையே தெரியாது. போட்டுக்கொண்டால் எதிரி மனசில் இருப்பதுகூடத் தெரியும் என்று பீற்றிக்கொள்வான்.

துப்பாக்கி செய்து விற்பது யார், அடுத்தவர் நாட்டில் கோடு கிழித்து எல்லை போட்டது யார், அவர்கள் மண்ணுக்குள் இருந்ததை அள்ளிக்கொண்டு போனது யார் என்று ரேடியோ கேள்விகளை அடுக்கி வைத்துவிட்டாள். ஆனாலும் சோடாபுட்டிக்குத் திருப்தி இல்லை.

"எல்லாம் சரிதான். ஆனா அழ வைக்கணும். அப்பத்தான் கோப்பை நமக்கு."

அதற்கு அவனிடம் ஒரு வழியும் இருந்தது. அவர்கள் வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒரு பெண் இருந்தாள். போர் நடக்கிற நாட்டிலிருந்து அப்பா அம்மாவோடு தப்பி வந்தவள். வந்து மாதக்கணக்கில் ஆகியும் எல்லாருக்கும் அவள் 'புதுசு'தான். நம் பேச்சைக் கற்றுக்கொண்டுவிட்டாள், ஆனால் கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டாள். அவளை மேடையில் நிறுத்தி, இவளைப் பாருங்கள் என்று கை காட்டினால் போதும், எதிரணி மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விடும் என்றான் சோடாபுட்டி.

ரேடியோவுக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. சாப்பாட்டு மணி அடித்ததும் புதுசிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். பேசக்கூட வேண்டாம், சும்மா வந்து நின்றால் போதும் என்றாள்.

புதுசு சரி என்று தலையை ஆட்டினாள். ஆனால் சாப்பிடவில்லை. டப்பா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

வாசல் வரை போன ரேடியோவுக்கு என்னவோ போல இருந்தது. துணிக்கடை பொம்மையைத்தானே இப்படிப் பேசாமல் நிற்க வைப்பார்கள்? திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆமா, நீ என்ன நினைக்கிறே? நீ எந்தப் பக்கம்?"

புதுசு மூடியைக் கீழே வைத்தாள். "நான் எதிர்ப்பக்கம்."

ரேடியோ இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள். தப்பி வந்தவள் தன் பக்கம்தான் இருப்பாள் என்று கேட்காமலேயே நினைத்துவிட்டாளே.

"துப்பாக்கியை வித்தவன் வெளிநாட்டுக்காரன். சரி. வாங்கினது எங்க தலைவர்தானே? எங்க ரொட்டிக்கடையைக் கொளுத்தினது எங்க தெருக்காரங்கதான். தீயை அணைச்சதும் எங்க தெருக்காரங்கதான். எல்லாமே வெளியாளுங்க வேலைன்னா, நாங்க என்ன சும்மா கல்லா?"

எதிரணியில் ஒரு பையன் காய்ச்சலில் படுத்துவிட்டான், அவன் இடம் காலியாக இருந்தது. ரேடியோ நேராக டீச்சரிடம் போனாள். அந்த இடத்துக்கு யார் வருகிறார்கள் என்று தெரிந்ததும் சோடாபுட்டி தலையில் கை வைத்துக்கொண்டான்.

"கத்தியை நாமளே தீட்டி எதிராளி கையில குடுத்துட்டியே, புத்தி இருக்கா உனக்கு?"

புதுசு போட்டது ஒரே ஒரு நிபந்தனை. "பாவம்னு எனக்கு விட்டுக்குடுத்தா, பாதியிலயே எழுந்து போயிடுவேன்."

வெள்ளிக்கிழமை மேடை ஏறியபோது புதுசின் குரல் முன்வரிசையைத் தாண்டவில்லை. பின்னாலிருந்து யாரோ சத்தமாகப் பேசச் சொன்னார்கள். பேசினாள். ரொட்டிக்கடைத் தீயைப் பற்றியும், வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து வந்த அவள் அம்மாவைப் பற்றியும் அவள் சொன்னதைப் பின்வரிசைக்காரர்கள் எழுந்து நின்று கேட்டார்கள்.

அடுத்து ரேடியோவின் முறை. இதற்குப் போய் பதில் சொல்வதா, விட்டுவிடலாமே என்று மனசு சொன்னது. அப்படி விட்டால் அவளை மறுபடி பொம்மையாக்குவது போலத்தான். ரேடியோ எழுந்தாள்.

"கொளுத்தினவன் தப்பு பண்ணினான், ஒத்துக்கறேன். அவன் கையில தீப்பெட்டியைக் குடுத்தவனுக்குப் பொறுப்பே இல்லையா? அதுவும் காசு வாங்கிட்டுக் குடுத்தவனுக்கு?"

கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது. புதுசின் கண்கள் மின்னின. இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவள் எழுந்து நின்றதைப் பார்த்தால் சண்டைக்கோழி தோற்றுவிடும்.

"இருக்கு. நிறையவே இருக்கு. அவங்க அதுக்குப் பதில் சொல்லியே ஆகணும். ஆனா அவங்க மட்டும்தான் காரணம்னு சொன்னா, நாளைக்கு எங்க ஊரைச் சரி பண்றதுக்கும் அவங்களுக்காகத்தான் காத்திருக்கணும். நாங்க காத்திருக்க மாட்டோம். நான் பெரியவளானதும் போவேன்."

கோப்பை எதிரணிக்குப் போனது. நூலிழை வித்தியாசம்தான் என்றார் டீச்சர்.

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், போட்டான், மறுபடி துடைத்தான். "அவ சொன்னதுல தப்பே கண்டுபிடிக்க முடியலை. அதான் கடுப்பா இருக்கு."

கோப்பையோடு இறங்கி வந்த புதுசு ரேடியோவிடம், "உன் தீப்பெட்டிக் கேள்வியைக் கேட்டதும் நிஜமாவே பயந்துட்டேன்" என்றாள். அடுத்த தடவை இரண்டு பேரும் ஒரே அணியில் பேசலாமா என்றும் கேட்டாள். அந்த யோசனையே வேண்டாம், உன் எதிரில் நின்றால்தான் எனக்குச் சுவாரசியம் என்று ரேடியோ சொல்ல, இரண்டு பேரும் படியெல்லாம் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள்.

வீட்டில் அம்மா தையல் இயந்திரத்தில் இருந்தாள். மிதிக்கிற காலை நிறுத்தாமலே நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னடி, முகமெல்லாம் பல்லா வர்றே? கோப்பை எங்கே?"

"தோத்துட்டோம்மா."

இயந்திரம் நின்றது. "தோத்ததுக்கா இவ்வளவு சிரிப்பு?"

ரேடியோ பையைக்கூடக் கழற்றாமல் அம்மாவின் முன்னால் வந்து நிமிர்ந்து நின்றாள்.

"யார்கிட்ட தோத்தேன்னு கேளும்மா."